ஊதாத சங்கு

ஜீப்காரன் பெட்டியைச் சாலை ஓரத்திலேயே இறக்கி வைத்தான். வீடு இன்னும் கொஞ்சம் மேட்டில் இருந்தது. வாசல்வரை கொண்டுவந்து தரக் கூடாதா என்று நர்ஸம்மா கேட்டதற்கு, டயர் தேய்ந்திருக்கிறது என்றான். டயரைப் பார்த்தாள். புத்தம் புதிது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டு அவளுடையது. எல்லோரும் நர்ஸம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. லீவு போட்டுவிட்டுத் தங்கையின் புருஷனைப் பார்க்க வந்திருந்தாள். மூச்சுவிட முடியவில்லை, துணைக்கு வருகிற ஆட்கள் யாரும் தங்குவதில்லை என்று அவர் போனில் அழாத குறையாகக் கூப்பிட்டிருந்தார்.

பாசத்தால் அவள் வரவில்லை. தங்கை சிட்டு செத்த செய்தி அவளுக்கு எட்டுவதற்குள் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். அவளோடு ஊரின் பள்ளத்துப் பகுதியே செத்திருந்தது; கெட்டுப்போன சாப்பாடு என்று காரணம் சொன்னார்கள். ஒரே சாயங்காலத்தில் ஒரு பள்ளத்து ஜனம் முழுக்க எந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. முகத்தைக்கூடப் பார்க்க விடாத அந்த மண்ணை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அவள் வயிற்றில் அணையாமல் கிடந்த நெருப்பு.

ஒரு காலத்தில் சோளமும் ஆடும் தவிர வேறொன்றும் அறியாத பூமி அது. தண்ணீருக்காகக் குழி தோண்டியவன் வாளியில் கறுப்பாக எதுவோ வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதை அந்த ஊர்க்காரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பூதம் எண்ணெய்க் கம்பெனியாக, தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. கை குலுக்கியது, கையெழுத்து வாங்கியது. மேட்டில் பங்களா கட்டிக்கொண்டது, பள்ளத்தில் தகர வீடுகள் கட்டிக்கொடுத்தது. நிலத்தை விற்றவர்கள் அதே நிலத்தில் ஓடிய குழாய்களுக்குக் காவலிருந்தார்கள். மந்தை வைத்திருந்தவனின் மகன் பங்களாவில் தட்டுக் கழுவினான். ஊர் பணக்கார ஊர் என்று பெயரெடுத்தது. ஊர்க்காரர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

நடுவில் ஒரு இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் எந்நேரமும் எரியும் தீ. எண்ணெயோடு கூடவே வரும் விஷவாயுவைக் கொளுத்தித் தள்ளுகிற தீ அது. அது வந்த நாளிலிருந்து அந்த ஊருக்கு இருட்டு இல்லை. சேவல்கள் கண்ட நேரத்தில் கூவிப் பார்த்துவிட்டு, கூவுவதையே விட்டன. பிள்ளைகள் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினார்கள்.

தீ அணைந்தால் வாயு எரியாமல் கீழே இறங்கும். காற்றைவிடக் கனமானது. பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படி ஆனால் ஊரை எழுப்புவதற்கென்று மில் சங்கு மாதிரி ஒரு பெரிய சங்கை மேட்டில் கம்பம் நட்டு ஏற்றியிருந்தார்கள். கம்பத்தடியில் ஒரு வீடு. வீட்டுக்குள் சுவிட்ச். அதை அழுத்துகிற வேலைதான் சிட்டுவின் புருஷனுக்கு. ஊரில் அவர் பெயர் சங்குக்காரர்.

அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான் நர்ஸம்மா கவனித்தாள். நிலை இருந்தது, கீல் இருந்தது. கதவு இல்லை.

உள்ளே போனாள். நடு அறைக்கும் இல்லை, சமையலறைக்கும் இல்லை. குளியலறைக்குப் பழைய போர்வை ஒன்று தொங்கியது. அலமாரிக் கதவைக்கூடக் கழற்றியிருந்தார்கள்.

கரையான், என்றார் சங்குக்காரர். சுவிட்ச் பெட்டிக்கும் சுவர்ப் போனுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு அதில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நகம் நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்தார். நர்ஸம்மா முதுகைத் திருப்பி வைத்து நெஞ்சைக் கேட்டாள். எத்தனையோ நெஞ்சுகளைக் கேட்ட காது அவளுடையது. சளி இல்லை, இரைப்பு இல்லை. உள்ளே எல்லாம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

நோய் இல்லாத நெஞ்சு. ஆனால் மனிதர் காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்தது. கோபுரத்துத் தீயின் செம்மஞ்சள் வெளிச்சம் கதவில்லாத வாசல் வழியாக உள்ளே வந்து தரையில் நடுங்கியது. கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தபோது ஒரு நாற்றம் வந்தது. அழுகிய முட்டை. எங்கேயோ குழாய் கசிகிறது என்று நினைத்து வாசல் பக்கம் போனாள். அதற்குள் நாற்றம் நின்றுவிட்டது. கத்தியால் அறுத்ததுபோல் நின்றது.

நாற்காலியில் சங்குக்காரர் விறைத்து நிமிர்ந்திருந்தார். நாற்றம் அடிக்கிறவரைக்கும் பயமில்லை, நின்றால்தான் ஓட வேண்டும், மூக்கையே செத்துப்போக வைத்துவிடும் அந்த வாயு என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம்போல முணுமுணுத்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

உள்ளங்கையால் பலகையை அறைகிற சத்தம். அவசரமாக, விடாமல், இரண்டு கையாலும். முதலில் வாசல் பக்கம். பிறகு நடு அறை. பிறகு சமையலறை. ஒவ்வொரு நிலையாக, வீடு வீடாகப் போய்த் தட்டுவதுபோல.

தட்டுவதற்கு அந்த வீட்டில் ஒரு கதவு இல்லை.

"திறக்காதீங்க அக்கா," என்று கிசுகிசுத்தார் அவர்.

எதைத் திறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த கரண்டியோடு நடு அறையில் நின்றாள். சத்தம் அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, வாசல் வழியாக வெளியேறிப் பள்ளத்துப் பக்கமாக இறங்கியது. தூரத்தில், மெல்ல மெல்ல, தகரத்தில் அறைவதாக மாறியது.

பொழுது விடிந்ததும் அவள் பள்ளத்துக்குப் போனாள். பால் வாங்கி வருகிறேன் என்று ஒரு சாக்கு.

பள்ளத்தில் புது வீடுகள் வரிசையாக நின்றன. கம்பெனி இன்னொரு எண்ணெய்க் கிணறு போடுகிறது, அதற்கு வெளியூரிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள். முதல் வீட்டு வாசலில் ஒருத்தி மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை. வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாள். ஊர் எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தாள். எல்லாம் சரிதான், பொழுது சாய்ந்தால் யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள், திறந்தால் ஆள் இல்லை, வேலை வெட்டி இல்லாத பயல்கள் என்றாள்.

தகரக் கதவில் கை பதிந்த அடையாளம் இருந்தது. பூசிய சாயத்தின் மேலே இல்லை. தகரமே உள்வாங்கியிருந்தது. சின்னக் கை. சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்த கை. சிட்டு குழந்தையாக இருந்தபோது உரலில் நசுங்கி வளைந்துபோன அந்த விரலுக்கு மருந்து கட்டியவளே நர்ஸம்மாதான்.

அவள் அந்தத் தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள்.

சரிவில் ஒரு பெரியவர் கோல் ஊன்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் என்று பெயர். ஆடு ஒன்றுகூட இல்லை. சிட்டுவின் அக்கா என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். இத்தனை வருஷமாக யாராவது வந்து கேட்பார்கள் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தவர்போல் சொல்ல ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஒரு ஆடு வழி தவறிப்போய்விட்டது. தேடிக்கொண்டு அவர் மேட்டுக்கு ஏறியிருந்தார். அப்போது தீ அணைந்தது. ஊருக்கு இருட்டு வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம், அவ்வளவு சந்தோஷம். கீழே ஜனங்கள் எல்லாரும் வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். பிறந்ததிலிருந்து நட்சத்திரத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு அம்மாக்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். அவருடைய பேத்தி, அதோ அதோ என்று கத்தியது மேலே வரை கேட்டது. பங்களாவில் அன்றைக்கு விருந்து. கம்பெனியில் பணம் போட வந்த வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஆட்டுக்காரர் சங்குக் கம்பத்தைப் பார்த்தார். இப்போது ஊதும், இப்போது ஊதும் என்று பார்த்தார்.

ஊதவில்லை.

சங்கு வீட்டிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது. சிட்டு. ஒவ்வொரு கதவாக அறைந்தாள். மேலே ஏறுங்கள், மேலே ஏறுங்கள் என்று கத்தினாள். ஜனங்கள் சிரித்தார்களாம். நட்சத்திரம் பார்க்கிற நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது என்று. பிறகு சிரிப்பு நின்றது. பேத்தியின் குரல் நின்றது. கடைசி வீட்டுக் கதவை அறைகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அதுவும் நின்றது. மந்தை கத்தக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது.

"அந்தச் சங்கை ஊதல தாயி," என்றார் ஆட்டுக்காரர். "ஊதாமலே எங்க எல்லாருக்கும் சங்கு ஊதிட்டாங்க."

விடிவதற்குள் லாரிகள் வந்தன. எல்லோரையும் ஒரே குழியில் போட்டு மேலே சிமெண்ட் ஊற்றினார்கள். அதன்மேல்தான் இப்போது புது வீடுகள் நிற்கின்றன என்று கோலால் காட்டினார்.

நர்ஸம்மா மேட்டுக்கு ஏறினாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, வியர்க்கவில்லை. சங்குக்காரர் முன்னால் போய் நின்றாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.

அவர் மறைக்கவில்லை. வருத்தப்படவும் இல்லை. கம்பெனி மேனேஜர் போனில் பேசினார், ஐந்து நிமிஷத்தில் பற்றவைத்துவிடுவோம், விருந்தாளிகள் இருக்கிறார்கள், ஊதித் தொலைக்காதே என்றார். மேலிடத்து உத்தரவை மீறினால் வேலை போகும், வீடு போகும். மீறச் சொல்கிறீர்களா என்று அவளிடமே கேட்டார்.

"சிட்டு என்ன சொன்னா?"

"ஊதுன்னா. சுவிட்சுல கை வச்சா. நான் தட்டிவிட்டேன்." இழுத்து ஒரு மூச்சு. "நீ ஊதலைன்னா நான் போய் எழுப்புறேன்னு ஓடிட்டா. நானா போகச் சொன்னேன்?"

நோயாளி என்று எத்தனையோ பேரின் வாந்தியை அள்ளிய கை அவளுடையது. அந்தக் கை முதல் தடவையாக ஒரு நோயாளியின் கழுத்தை நெரிக்கத் துடித்தது. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டாள்.

"அவ உங்களைக் கொல்ல வரலை தம்பி," என்றாள். "நீங்க திறப்பீங்களான்னு பார்க்க வர்றா. அதுக்குப் பயந்து கதவையே கழட்டிட்டீங்களே, நீங்கல்லாம் என்ன ஜென்மம்?"

பெட்டியை அடுக்கிவிட்டாள். சாயங்கால ஜீப்புக்காக வாசலில் உட்கார்ந்திருந்தாள். சூரியன் இறங்கியது. ஜீப் வரவில்லை.

அப்போது வெளிச்சம் போனது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபுரம் கறுப்பாக நின்றது. உச்சியில் தீ இல்லை. ஊர்மேல் இருட்டு வந்து அமர்ந்தது.

உள்ளே போன் மணி அடித்தது.

அவள் ஓடிப்போய் எடுப்பதற்குள் சங்குக்காரர் எடுத்துவிட்டார். சரிங்க சார், சரிங்க சார் என்று மட்டும் சொன்னார். மறுமுனையில் பேசியவன் குரல் அவளுக்கே கேட்டது. ஐந்து நிமிஷம். ஊதித் தொலைக்காதே.

நர்ஸம்மா அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டுச் சுவிட்சை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். முஷ்டியால் குத்தினாள்.

"மோட்டாரை அப்பவே கழட்டிட்டாங்க," என்றார் அவர். "ஊருக்குக் காட்டுறதுக்குத்தான் கம்பம்."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் ஓடினாள். இருட்டில் கல் இடறியது, முள் கிழித்தது. மேலே வாருங்கள் என்று கத்த வாயைத் திறந்தபோது அந்த நாற்றம் முகத்தில் அடித்தது.

எதிரே ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

ஒருவர் இருவர் இல்லை, பள்ளமே ஏறி வந்தது. இருமிக்கொண்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு. தையல்காரி குழந்தையை ஈரத்துணியில் மூடி மார்போடு அணைத்திருந்தாள். நர்ஸம்மாவைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். தீ அணைகிறதற்கு முன்னாலேயே ஒரு அம்மா வந்து கதவைக் கீலோடு பிடுங்கி எறிந்துவிட்டாள் என்றாள். வெளியே தள்ளி, மேலே ஏறு என்று முதுகில் அறைந்தாள் என்றாள்.

"உங்க ஜாடைதான்மா. நீங்கதான்னு நினைச்சோம். கடைசி வீட்டுக்கிட்ட இன்னும் நிக்கிறாங்களே."

நர்ஸம்மா அவளைத் தாண்டிக் கீழே ஓடினாள். தங்கை கடைசி வீட்டுக்கிட்ட நிற்கிறாள். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. நாலு எட்டு வைத்திருப்பாள்.

நாற்றம் நின்றது.

நெஞ்சில் ஒரு உள்ளங்கை வந்து ஊன்றியது. ஐஸ் மாதிரி. வளைந்த சுண்டுவிரல் கழுத்தெலும்பில் பட்டது. கண்ணுக்கு முன்னால் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

"அக்கா. மேல போ."

தள்ளியது. அவள் மல்லாந்து விழுந்தாள். யாரோ இரண்டு பேர் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். சிட்டு, சிட்டு என்று அவள் அரற்றியது வழியெல்லாம் கேட்டதாக ஆட்டுக்காரர் பிறகு சொன்னார்.

எல்லோரும் சங்கு வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தார்கள். யாரோ டார்ச் அடித்தார்கள். வெளிச்சம் வாசலில் பட்டது.

சங்குக்காரர் வாசல் நிலைக்குள் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் எதிரிலிருந்த காற்றை அறைந்துகொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. கண் பிதுங்கி அவர்களையே பார்த்தது. நிலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஊர். நடுவில் ஒன்றுமே இல்லை.

நர்ஸம்மா எழுந்தாள். எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் மூச்சு திணறுகிறவனைப் பார்த்தால் எழுந்துவிடுகிற உடம்பு அது. அவரைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள்.

விரலில் மரம் தட்டியது.

சில்லென்ற, சொரசொரப்பான பழைய பலகை. தோளைக் கொடுத்து மோதினாள். தையல்காரியின் புருஷன் வந்து மோதினான். ஆட்டுக்காரர் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. கோலை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கோபுரத்தில் மறுபடி தீ எழுந்தபோது சங்குக்காரர் வாசலுக்கு வெளியே குப்புற வந்து விழுந்தார். உயிர் இல்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்து, தோலுக்குள் மரச் சிராய்கள் குத்திக்கொண்டிருந்தன.

காலையில் மேனேஜர் காரில் வந்தான். மூக்கில் கைக்குட்டை. ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை, பராமரிப்புக்காகக் கொஞ்ச நேரம் தீயை அணைத்தோம், சங்குக்காரர் இருதய நோயில் இறந்தது வருத்தம், எல்லோரும் கீழே வீட்டுக்குப் போகலாம் என்றான். கம்பெனி டாக்டரும் தலையாட்டினார். நர்ஸம்மா சங்குக்காரரின் கையைத் திருப்பிக் காட்டினாள். கதவே இல்லாத வீட்டில் சிராய் எங்கிருந்து வரும் என்று மேனேஜர் சிரித்தான்.

"ஒரு தடவை சாயங்காலமா கீழ வந்து பாருங்க," என்றாள் அவள். "எல்லாரும் உங்களைப் பார்க்கணும்னு இருக்காங்க."

எனக்கு வேறு வேலை இல்லையா என்று காரில் ஏறிக்கொண்டான்.

ஆனால் ஜனம் இறங்கவில்லை. கம்பெனி தண்ணீரை நிறுத்தியது, போலீஸை அனுப்பியது. அவர்கள் பகலில் போய்த் தகரங்களைக் கழற்றி வந்து சங்கு வீட்டைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்குத் திரும்பவில்லை. அந்த வீட்டிலேயே இருமல்காரர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். கலெக்டருக்கும் கோர்ட்டுக்கும் நடந்தாள். எல்லா மேஜையிலும் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். சாட்சிகள்மேல் சிமெண்ட் ஊற்றியிருக்கிறது என்றாள். எழுதிக்கொள்ளவில்லை.

பள்ளம் ஆளில்லாமல் கிடந்தது. அங்கே கிணறு போட்டே தீருவது என்று கம்பெனி நிலம் அளக்க ஒரு சர்வேயரை அனுப்பியது. வேற்றூர்ப் பையன். கதை எதுவும் தெரியாது. காலையில் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினவன், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மேலே ஏறி வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, நர்ஸம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டான். இடம் காலி என்று சொல்லி அனுப்பினார்கள், கீழே போனால் எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லாரும் வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சின்னப் பிள்ளை அவன் கருவியில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்ததாம்.

ஆட்டுக்காரர் கோலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"ஒரு அம்மா மட்டும்தான் பேசினாங்க. மேனேஜர் வரலையான்னு கேட்டாங்க." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்குச் சாயங்காலம் நான் குச்சி நட்டு வச்ச இடத்தையெல்லாம் பார்க்க அவரே வர்றாரு. அதைச் சொன்னேன். அப்பாடான்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க."

ஜீப் வந்து நின்றது. மேனேஜரின் கார் பள்ளத்தில் இறங்க வழி நன்றாக இருக்கிறதா என்று சர்வேயர் கேட்டான்.

நர்ஸம்மா பள்ளத்துப் பக்கம் பார்த்தாள்.

"நல்ல வழிதான்," என்றாள். "தைரியமா வரச் சொல்லுங்க."